கன்வெர்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்வெர்ஜ் என்ற மெட்டாலிக் ஹார்ட்கோர் இசைக்குழுவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. புதிதாகக் கேட்க வருபவர்களின் சந்தேகங்கள் ஒரு பக்கம். வருடக்கணக்காகக் கேட்டுவிட்டு ஏதோ ஓர் ஆல்பத்தோடு மனம் விட்டுப்போனவர்களின் வருத்தங்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் அவரவர் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கன்வெர்ஜ்னா யாரு? எந்த ஊர்க்காரங்க?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் நகரத்துக் குழு. 1990 குளிர்காலத்தில் பாடகர் ஜேக்கப் பேனனும் கிட்டார் வாசிக்கும் கர்ட் பலூவும் சேர்ந்து தொடங்கினார்கள். அப்போது இருவருமே பதின்வயதுப் பையன்கள். தங்களுக்குப் பிடித்த ஹார்ட்கோர், பங்க், மெட்டல் பாடல்களை வாசித்துப் பார்ப்பதில் ஆரம்பித்து, மெல்லச் சொந்தப் பாடல்களுக்கு வந்தார்கள்.

இப்போதைய அணியில் அந்த இருவரோடு பேஸ் வாசிக்கும் நேட் நியூட்டனும் டிரம்ஸ் வாசிக்கும் பென் காலரும் இருக்கிறார்கள். நியூட்டன் 1990களின் கடைசியில் வந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் காலர். 2001க்குப் பிறகு இந்த நால்வரில் ஒருவர்கூட மாறவில்லை. வருடத்துக்கொரு டிரம்மர் மாறுகிற இந்த உலகத்தில் இது மிக அபூர்வம். அவர்களுடைய இசை வளர்ந்த விதத்துக்கும் இந்த நிலைத்தன்மைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நம்புகிறேன்.

2. மெட்டாலிக் ஹார்ட்கோர்னு சொல்றீங்களே, அது மெட்டலா பங்க்கா?

பங்க் வீட்டில் பிறந்து மெட்டலோடு வளர்ந்த இசை. 1980களின் தொடக்கத்து அமெரிக்க ஹார்ட்கோர் பங்கில் பாட்டு ஒன்றரை நிமிடம் இருந்தால் அதிகம். வேகம், கோபம், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வேலி இல்லாத சின்ன அரங்கு, அவ்வளவுதான். பாஸ்டன் பக்கம் எஸ்எஸ்டி, டிஒய்எஸ், நெகட்டிவ் எஃப்எக்ஸ் போன்ற குழுக்கள் இதில் பெயர் பெற்றவை. 1986ல் நியூயார்க்கின் குரோ-மேக்ஸ் குழு 'ஏஜ் ஆஃப் குவாரல்' ஆல்பத்தில் இதற்குள் மெட்டல் கிட்டாரின் கனத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டுதான் மெட்டல் குழுவான ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' வந்தது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துக் கேட்டு வளர்ந்த பையன்கள் அடுத்த தலைமுறை. கிளீவ்லண்டில் இன்டெக்ரிட்டி, நியூஜெர்சியில் ரோர்ஷாக், சிரக்யூஸில் எர்த் கிரைசிஸ் என்று 1990களின் தொடக்கத்தில் பல ஊர்களில் இந்த இசை ஒரே சமயத்தில் கிளம்பியது.

கிட்டாரின் ஒலி மெட்டல். பாட்டின் நடத்தை பங்க். நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம் கிடையாது, மேடை ஜோடனை கிடையாது, பாடகர் கையிலுள்ள மைக் பாதி நேரம் கூட்டத்திடம்தான் இருக்கும். வேகம் சட்டென்று பாதியாகக் குறைந்து கனத்த அடிகளாக விழும் இடத்தை 'பிரேக்டவுன்' என்பார்கள். கூட்டம் கொந்தளிப்பது அங்கேதான்.

3. எல்லாம் வெறும் கத்தலா இருக்கே, இதுல என்ன சார் இசை இருக்கு?

நியாயமான கேள்வி. பேனனின் குரலில் ராகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் குரலை ஒரு தாள வாத்தியமாகக் கேளுங்கள். சொல்லின் அழுத்தம் எந்த அடியில் விழுகிறது, எங்கே அடியை முந்துகிறது, எங்கே வேண்டுமென்றே பிந்துகிறது என்று கவனித்தால் அது தறிகெட்ட கத்தல் இல்லை என்பது தெரியவரும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். 'ஜேன் டோ' ஆல்பத்தின் முதல் பாட்டு 'கான்கியூபைன்'. மொத்தமே 1 நிமிடம் 19 விநாடி. முதல் தடவை இரைச்சலாகத்தான் இருக்கும். இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். தலைதெறிக்க ஓடுகிற தாளம், அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளேயே உடைந்து, கனத்த அடிகளாக முடிவதைக் கேட்பீர்கள். மூன்றாம் தடவை கிட்டாரை மட்டும். கச்சேரியில் கதி மாறும்போது கை தானாகத் தொடையில் தட்டத் தடுமாறுமே, அதே தடுமாற்றம் இங்கேயும் வரும். நான்காம் தடவை எல்லாம் சேர்ந்து கேட்கும். ஐந்தரை நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது ரசனை. அதில் தவறே இல்லை.

4. ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் வாசிச்சாங்களா?

இல்லை. 1994ல் வந்த முதல் ஆல்பம் 'ஹேலோ இன் எ ஹேஸ்டாக்' அந்தக் காலத்து ஹார்ட்கோர் குழு ஒன்றின் ஆர்வமான முயற்சி. இன்று அதை வரலாற்றுக்காகக் கேட்கலாம், அவ்வளவுதான். திருப்பம் 1996ல் வந்த 'பெட்டிஷனிங் தி எம்ப்டி ஸ்கை'. அதில் 'தி சாடெஸ்ட் டே' என்று ஒரு நீண்ட பாட்டு இருக்கிறது. ஹார்ட்கோர் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடியவேண்டும் என்ற எழுதாத சட்டத்தை மீறி, பல பகுதிகளாகப் பிரிந்து, நின்று, திரும்ப எழுகிறது. இத்தனை வருடம் கழித்தும் மேடையில் அந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் முழுக்க வாயசைக்கும். பிற்கால கன்வெர்ஜின் விதை அதுதான்.

1998ல் ஈக்வல் விஷன் நிறுவனத்தில் 'வென் ஃபாரெவர் கம்ஸ் கிராஷிங்' வந்தது. டுடே இஸ் தி டே குழுவின் ஸ்டீவ் ஆஸ்டின் தயாரிப்பு. கேவ் இன் குழுவின் ஸ்டீபன் பிராட்ஸ்கி அதில் பேஸ் வாசித்தார். இந்தப் பெயரை மறக்காதீர்கள், 17ஆம் கேள்வியில் திரும்ப வருவார். முரட்டுத்தனம் கூடிய ஆல்பம்தான். ஆனால் பாட்டுகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. தனித்தனித் துண்டுகளாக நிற்கின்றன.

5. புதுசா கேக்குறவங்க எந்த ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பலரும் 'ஜேன் டோ'விலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அது நேராக ஆழத்தில் இறக்கிவிடும். 2009ன் 'ஆக்ஸ் டு ஃபால்' ஆல்பத்தை எடுங்கள். முதல் பாட்டு 'டார்க் ஹார்ஸ்' உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒலிப்பதிவு தெளிவாக இருப்பதால் எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்பது புதியவருக்கும் புரியும். அடுத்து 2012ன் 'ஆல் வீ லவ் வீ லீவ் பிஹைண்ட்'. அதன் பிறகு 'ஜேன் டோ'. மற்றவை எந்த வரிசையிலும் இருக்கலாம்.

மெட்டலே பழக்கமில்லை, மெதுவான இசைதான் பிடிக்கும் என்பவர்கள் 'பிளட்மூன்' ஆல்பத்திலிருந்து பின்னோக்கி வரலாம். அந்த வழியாக வந்தவர்களையும் எனக்குத் தெரியும். நன்றாகவே வந்து சேர்ந்தார்கள்.

6. 'ஜேன் டோ'வை ஏன் இப்படித் தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க?

2001 செப்டம்பர் 4 அன்று வந்தது. பன்னிரண்டு பாட்டு, சுமார் 45 நிமிடம். பிரிட்டனின் டெரரைசர் இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அடையாளம் தெரியாத பெண்ணை அமெரிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் அழைக்கிற பொதுப்பெயர்தான் தலைப்பு. ஒரு காதல் உறவு முறிந்த பிறகு எழுதிய வரிகள்.

கொண்டாடக் காரணம் பாட்டுகளின் வரிசை. முன்பு தனித்தனித் துண்டுகளாக இருந்தவை இங்கே ஒரே உடம்பாகிவிட்டன. 'கான்கியூபைன்' முடிந்ததும் மூச்சுவிட இடமில்லாமல் 'ஃபால்ட் அண்ட் ஃபிராக்சர்' தொடங்குகிறது. நடுவில் 'ஹெல் டு பே' வரும்போது பேஸ் முன்னால் வந்து, எல்லாம் மெதுவாகி, முதல்முறையாக வெற்றிடம் தெரிகிறது. பிறகு 'ஃபீனிக்ஸ் இன் ஃபிளைட்' ஊர்ந்து ஊர்ந்து போகிறது. அதை அடுத்து வரும் 'ஃபீனிக்ஸ் இன் ஃபிளேம்ஸ்' 42 விநாடி மட்டும்தான். டிரம்ஸும் குரலும் வெறிபிடித்து மோதிக்கொள்கிற 42 விநாடி. ஒரே பறவை, ஒரு பாட்டில் பறக்கிறது, அடுத்ததில் எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் விளக்கமே கிடையாது.

கடைசியில் தலைப்புப் பாட்டு, பதினோரு நிமிடத்துக்கும் மேல். அதுவரை முப்பது நிமிடத்துக்கு மேல் அடிவாங்கிய காதுக்கு அந்த மெதுவான ரிஃப், அதாவது கிட்டாரின் சிறு இசைத்துணுக்கு, திரும்பத் திரும்ப வரும்போது கோபமெல்லாம் வடிந்து துக்கமாகிவிடுகிறது. ஹார்ட்கோர் இசையால் துக்கத்தைச் சுமக்க முடியும் என்று இவ்வளவு முழுமையாகக் காட்டிய ஆல்பம் அதற்கு முன்பு எனக்குத் தெரிந்து இல்லை.

7. அந்த டி-ஷர்ட்டுல எல்லாம் வர்ற பெண் முகம் யாரோடது?

ஓவியம் பேனனுடையது. ஃபேஷன் பத்திரிகையில் வந்த புகைப்படம் ஒன்றை அடிப்படையாக வைத்துச் செய்தது. புகைப்படத்தில் இருந்தவர் பிரெஞ்சு மாடல் ஆட்ரே மார்னே என்பது ஆல்பம் வந்து பல வருடம் கழித்துத்தான் பரவலாகத் தெரியவந்தது.

பேனன் முறையாக வடிவமைப்பு படித்தவர். அச்சு, கொலாஜ், மை கலந்து கன்வெர்ஜின் அட்டைகளை அவரே செய்கிறார். அந்தக் கருப்பு, பழுப்பு, கிழிந்த காகித அழகை அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் எடுத்துக்கொண்டன. முகத்தை மட்டும் பார்த்து சட்டை வாங்கியவர்களைச் சிலர் கேலி செய்வதுண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. படத்தைப் பார்த்து உள்ளே வருவதும் வரும் வழிதான்.

8. 'ஜேன் டோ'வுல ரெண்டு கிட்டார் இருக்கே, இன்னொருத்தர் எங்க போனார்?

அவர் ஏரன் டால்பெக். பேன் என்ற இன்னொரு ஹார்ட்கோர் குழுவிலும் இருந்தார். பக்கவாட்டில் ஆரம்பித்த அந்தக் குழு வளர்ந்து முழுநேரம் கேட்டது. ஓர் ஆள் இரண்டு குழுவோடும் ஊர் ஊராகப் போக முடியாது. 'ஜேன் டோ' வந்த சமயத்திலேயே பிரிவு நடந்துவிட்டது.

இந்தப் பிரிவு இசையை எப்படி மாற்றியது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இரண்டு கிட்டார் அடைத்திருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. பலூ அந்த இடத்தை அப்படியே திறந்து விட்டார். நியூட்டனின் பேஸ், வெறும் அடித்தளமாக இருந்தது போய், இரண்டாவது கிட்டாரைப் போல உறும ஆரம்பித்தது. 2004ன் 'யூ ஃபெயில் மீ' ஆல்பத்தை 'ஜேன் டோ'வுக்கு அடுத்து உடனே போட்டுப் பாருங்கள், காற்று புகுந்தது தெரியும்.

9. ரெக்கார்டிங்கையும் கிட்டார்காரரே பண்றாராமே, அது எப்படி?

கர்ட் பலூ பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். பொறியாளராகச் சம்பளத்துக்கு வேலையும் பார்த்தார். அந்த வேலை போன பிறகு ஒலிப்பதிவையே தொழிலாக்கிக்கொண்டார். சேலத்தில் அவர் நடத்தும் காட்சிட்டி ஸ்டுடியோ இன்று கனமான இசை செய்பவர்களுக்கு யாத்திரைத் தலம் மாதிரி. நெயில்ஸ், கோட் ஆரஞ்ச், நார்வேயின் குவெலர்டாக் என்று அங்கே பதிவு செய்த குழுக்களின் பட்டியல் நீளம். ஹை ஆன் ஃபயர் குழுவுக்கு அவர் தயாரித்த 'எலெக்ட்ரிக் மெசையா'வின் தலைப்புப் பாட்டு 2019ல் சிறந்த மெட்டல் பாட்டுக்கான கிராமி விருது வாங்கியது.

கன்வெர்ஜுக்கு இதனால் கிடைத்தது பெரிய சுதந்திரம். வாடகைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டியதில்லை. ஒரு பாட்டு சரிவராவிட்டால் பிறகு திரும்ப எடுக்கலாம். மற்ற குழுக்களைப் பதிவு செய்யும்போது கற்ற வித்தை தன் குழுவுக்கு வந்துசேர்கிறது. டிரம்ஸ் அறையின் எதிரொலியோடு நிஜமாக ஒலிக்கவேண்டும் என்பதில் அவருக்கு உள்ள பிடிவாதத்தை 'நோ ஹீரோஸ்' முதல் ஒவ்வொரு ஆல்பத்திலும் கேட்கலாம்.

10. எபிடாஃப்புக்குப் போனது விலைபோனது இல்லையா?

எபிடாஃப் பேட் ரிலிஜன் குழுவின் பிரெட் குரெவிட்ஸ் நடத்தும் நிறுவனம். பங்க் வழி வந்ததுதான், பெருநிறுவனம் அல்ல. 2004ல் 'யூ ஃபெயில் மீ'யிலிருந்து கன்வெர்ஜ் அங்கே. போன பிறகு இசை மிருதுவானதா என்பதுதான் கேள்வி என்றால், அந்த ஆல்பத்தையே கேளுங்கள். வானொலியில் போடத்தக்க பாட்டு ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. பேனன் நண்பர் டிரே மெக்கார்த்தியோடு 2000ல் டெத்விஷ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். எபிடாஃப் காலத்திலும் கன்வெர்ஜின் வினைல் தட்டுகள் டெத்விஷ் வழியாக வந்தன. டெஃப்ஹெவன் குழுவின் 'சன்பேதர்' 2013ல் வந்ததும் இதே டெத்விஷ்ஷில்தான். ஒலி பலூவிடம், படம் பேனனிடம், தட்டு அவர்களுடைய நிறுவனத்திடம். முக்கியமான கருவிகள் எல்லாம் தங்கள் கையிலேயே இருந்ததால்தான் யாருக்கும் பயப்படாமல் மாற முடிந்தது.

11. 'யூ ஃபெயில் மீ' ரெண்டு விதமா இருக்கே, எதைக் கேக்கறது?

2004ல் வந்தது மூலம். 2016ல் 'ரீடக்ஸ்' என்று பலூ மறுபடி கலவை செய்த பதிப்பு வந்தது. பழைய கலவையில் குழுவுக்கு நிறைவில்லை. புதியதில் கிட்டாரும் டிரம்ஸும் பிரிந்து தெளிவாக நிற்கின்றன. முதலில் ரீடக்ஸைக் கேளுங்கள். பழையதின் வறண்ட, மூச்சுமுட்டும் ஒலிக்கும் ஓர் அழகு உண்டு. அதை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. எதில் கேட்டாலும் 'இன் ஹெர் ஷேடோ' என்ற பாட்டைத் தாண்டிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாத கிட்டாரோடு ஆறு நிமிடத்துக்கு மேல் ஊர்கிற பாட்டு.

12. 'நோ ஹீரோஸ்', 'ஆக்ஸ் டு ஃபால்' எல்லாம் ஏன் இவ்வளவு வெளியாட்கள்?

2006ன் 'நோ ஹீரோஸ்' முதல் பாதியில் குட்டிக் குட்டிப் பாட்டுகளாக அடுக்கி அடிக்கிறது. திடீரென்று 'கிரிம் ஹார்ட்/பிளாக் ரோஸ்' என்று ஒன்பதரை நிமிடம். அதில் ஒன்லி லிவிங் விட்னஸ் குழுவின் ஜோனா ஜென்கின்ஸ் கத்தாமல் பாடுகிறார். அவரும் பாஸ்டன் பக்கத்து மூத்தவர். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவரையே கூப்பிட்டுத் தங்கள் பாட்டின் நடுவில் நிறுத்தினார்கள்.

'ஆக்ஸ் டு ஃபால்' அந்தக் கதவை முழுக்கத் திறந்தது. கேவ் இன் குழுவினர் ஒரு பாட்டில், ஜெங்கிஸ் ட்ரான் குழுவினர் கடைசிப் பாட்டில், நியூரோசிஸ் குழுவின் ஸ்டீவ் வான் டில் 'குரூவல் புளூம்' பாட்டில். அந்தக் கரகரத்த குரல் வரும்போது கன்வெர்ஜ் தட்டுதானா என்று உறையைப் பார்க்கத் தோன்றும். அதற்கு அடுத்த ஆல்பமான 'ஆல் வீ லவ் வீ லீவ் பிஹைண்ட்' நேர்மாறு. வெளியாட்கள் ஒருவரும் இல்லை. நால்வரால் மட்டும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்திருக்கிறார்கள்.

13. வரி ஒண்ணும் புரியலையே, எதைப் பத்திதான் பாடுறார்?

காதில் புரியாது, உறையில் அச்சிட்ட வரிகளைப் படிக்கவேண்டும். அரசியல் முழக்கங்களை எதிர்பார்த்தால் கிடைக்காது. பேனன் எழுதுவது இழப்பு. உறவு முறிவது, நண்பர்கள் சாவது, ஊர் ஊராகப் போகிற வாழ்க்கையில் வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்யத் தவறியது. 'ஆல் வீ லவ் வீ லீவ் பிஹைண்ட்' தலைப்புப் பாட்டு, தான் வெளியூரில் சுற்றிய காலத்தில் வயதாகி இறந்துபோன தன் நாயிடம் கேட்கிற மன்னிப்பு. அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை முன்போலக் கேட்க என்னால் முடியவில்லை.

2017ன் 'த டஸ்க் இன் அஸ்' முதல் பாட்டு 'எ சிங்கிள் டியர்' தகப்பனான அனுபவத்திலிருந்து வந்தது. கத்துகிற குரலில் ஒரு குழந்தைக்கான அன்பு. ஹார்ட்கோர் கோபத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் போட்டுக்காட்டுவேன்.

14. சிலர் மெட்டல்கோர்ங்கறாங்க, சிலர் மேத்கோர்ங்கறாங்க. எது சரி?

1990களில் மெட்டல்கோர் என்றால் 2ஆம் கேள்வியில் சொன்ன இசையேதான், அப்போது கன்வெர்ஜ் அதில் அடங்கும். 2000களில் அந்தப் பெயர் வேறு பக்கம் போனது. அதே மாசசூசெட்ஸின் கில்ஸ்விட்ச் என்கேஜ் 2002ல் 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்' கொண்டுவந்த பிறகு, கத்தலுக்கு நடுவில் இனிமையாகப் பாடும் பல்லவி வந்தால்தான் மெட்டல்கோர் என்றாகிவிட்டது. இன்று அந்தப் பெயரில் தேடி வருபவர்களுக்கு கன்வெர்ஜ் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

மேத்கோர் என்பது தாளக் கணக்கைத் திருகும் குழுக்களுக்கான பெயர். தி டில்லிஞ்சர் எஸ்கேப் பிளான், பாட்ச், கோலெஸ் ஆகியோர் 1990களின் கடைசியில் இதைச் செய்தார்கள். கன்வெர்ஜும் அந்தக் கூட்டத்தில் வைத்துப் பேசப்பட்டது. கணக்கு இருக்கிறது, ஆனால் கணக்கைக் காட்டுவதற்காக ஒரு பாட்டும் இல்லை. அதனால் மெட்டாலிக் ஹார்ட்கோர் என்பதே எனக்குப் போதும்.

15. இவங்க எல்லாரும் குடிக்க மாட்டாங்களாமே?

பேனன் ஸ்ட்ரெயிட் எட்ஜ், அதாவது குடி, புகை, போதை எதையும் தொடாதவர். ஹார்ட்கோரில் பழைய வழக்கம் அது. ஆனால் கன்வெர்ஜ் அதைக் கொள்கையாக மேடையில் பேசிய குழு அல்ல.

16. நாலு பேரும் வேற வேற பேண்டுல இருக்காங்களே, கன்வெர்ஜ் பக்கவேலையா?

இல்லை. நியூட்டன் ஓல்ட் மேன் குளூம், டூம்ரைடர்ஸ் குழுக்களில் உண்டு. கேவ் இன் குழுவின் பேஸ் கலைஞர் கேலப் ஸ்கோஃபீல்ட் 2018ல் விபத்தில் இறந்த பிறகு, அந்த நண்பனின் இடத்தில் நின்று வாசிப்பவரும் நியூட்டன்தான். காலர் மியூட்டாய்ட் மேன், ஆல் பிக்ஸ் மஸ்ட் டை குழுக்களில். பேனன் வேர் யுவர் வூண்ட்ஸ், அம்ப்ரா விட்டே குழுக்களில். பலூவுக்கு ஸ்டுடியோ.

வேறு ஆசைகளை வேறு இடத்தில் தீர்த்துக்கொண்டு வருவதால்தான் கன்வெர்ஜில் சண்டை வராமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆல்பங்களுக்கு நடுவே மூன்று, ஐந்து வருடம் இடைவெளி விழுவதற்கும் இதுவே காரணம். காத்திருப்பதில் எனக்குக் குறையில்லை.

17. 'பிளட்மூன்' எல்லாம் கன்வெர்ஜ் கணக்குல சேருமா? கத்தலே காணோமே?

2016ல் ஐரோப்பாவில் சில மேடைகளில் குழுவின் மெதுவான பாடல்களை மட்டும் எடுத்துப் பெரிய அணியாக வாசித்தார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடக்கும் ரோட்பர்ன் விழாவும் அதில் ஒன்று. பாடகி செல்சி வுல்ஃப், அவரோடு இசையமைக்கும் பென் சிஷோம், ஸ்டீவ் வான் டில், 4ஆம் கேள்வியில் வந்த ஸ்டீபன் பிராட்ஸ்கி எல்லோரும் மேடையில். அதே விழாவில் 'ஜேன் டோ'வை முழுதாக வாசித்ததும் உண்டு. அது 2017ல் 'ஜேன் லைவ்' என்று தட்டாக வந்தது. மேடையில் முளைத்த அந்தக் கூட்டணி 2021 நவம்பரில் 'பிளட்மூன்: ஒன்' ஆல்பமாயிற்று. அதில் வான் டில் இல்லை. உறையில் கன்வெர்ஜோடு செல்சி வுல்ஃப் பெயரும் இருக்கிறது.

கத்தல் காணோம் என்பது சரியில்லை, குறைவு என்று சொல்லலாம். வுல்ஃபின் குரல் மேலே மிதக்க, பேனனின் குரல் அடியில் அரைக்கிறது. சில பாட்டுகள் தேவைக்கு மேல் நீள்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்புப் பாட்டு, வுல்ஃபும் பேனனும் ஒருவர் இடத்தை ஒருவர் அடைக்காமல் பகிர்ந்துகொள்கிற விதத்துக்காகவே, இந்தக் கூட்டணி வீண்போகவில்லை என்று சொல்லவைக்கிறது.

18. வயசாயிடுச்சு, அதான் மெதுவாயிட்டாங்க. உண்மையா?

மெதுவான பாட்டு வயதோடு வந்ததல்ல. 'தி சாடெஸ்ட் டே'யின் நடுப்பகுதி 1996. 'ஹெல் டு பே'யும் 'ஜேன் டோ' தலைப்புப் பாட்டும் 2001. 'இன் ஹெர் ஷேடோ' 2004. 'கோரல் புளூ' 2012. 'த டஸ்க் இன் அஸ்' தலைப்புப் பாட்டு 2017. இந்த ஆறையும் ஆண்டு வரிசையில் அடுத்தடுத்துக் கேளுங்கள், 'பிளட்மூன்' எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வேகமும் போகவில்லை. 'த டஸ்க் இன் அஸ்' ஆல்பத்துக்கு முன்னோட்டமாக வந்த 'ஐ கேன் டெல் யூ அபவுட் பெயின்' இருபது வயதுப் பையன்களின் பாட்டைவிட மூர்க்கமானது. இவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்போது பழையதைக் கழற்றி எறிவதில்லை. முப்பது வருடத்தில் இந்தக் குழு கைவிட்டது என்று சொல்ல எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

19. என்ன சொன்னாலும் 'ஜேன் டோ'க்கு அப்புறம் வந்ததெல்லாம் அதோட நிழல்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். முதன்முதலில் கேட்டபோது நம்மைப் புரட்டிப்போட்ட தட்டோடு பின்னால் வரும் எதுவும் போட்டிபோட முடியாது. அது கேட்பவரின் வயதும் காலமும் சம்பந்தப்பட்டது. ஆல்பங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிறந்தது 'ஆல் வீ லவ் வீ லீவ் பிஹைண்ட்' என்பேன்.

'ஜேன் டோ'வில் ஒரு மனிதன் உடைகிற கணம் இருக்கிறது. 2012ன் ஆல்பத்தில் உடைந்த பிறகு பத்து வருடம் வாழ்ந்த மனிதன் இருக்கிறான். முதல் பாட்டு 'எய்ம்லெஸ் ஆரோ'வில் கிட்டார் அடைக்காமல் சிதறி ஓட, பேனன் கத்துவதற்கும் பாடுவதற்கும் நடுவே ஒரு குரலைக் கண்டுபிடிக்கிறார். அந்தக் குரல் 2001ல் அவரிடம் இல்லை. 'சாட்னெஸ் கம்ஸ் ஹோம்' தள்ளாடி ஆரம்பித்து, பாதி வழியில் பாய்ச்சலெடுக்கிறது. 8ஆம் கேள்வியில் சொன்ன அந்தத் திறந்த இடத்தை நால்வரும் எட்டு வருடம் பழகிப் பழகி நிரப்பக் கற்றுக்கொண்டது அந்தப் பாட்டில் தெரிகிறது. 'ஜேன் டோ'வோடு நின்றுவிட்டவர்கள் அந்த ஒரு ஆல்பத்தையாவது, உறையிலுள்ள வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல ஹெட்ஃபோனில் முழுதாக ஒருமுறை கேளுங்கள்.